நாளைக்குக் காலமை ஏரி உறைஞ்சிடும்

கனடாவில் ஒரு சகோதரமும் அவுஸ்திரேலியாவில் ஒரு சகோதரமும் இருக்கும் குடும்பங்களில், தொலைபேசிப் பேச்சு எங்கே தொடங்கினாலும் குளிரில்தான் வந்து நிற்கும். "இஞ்ச மைனஸ் இருபத்தைஞ்சு" என்பார்கள் கனடாவில் இருப்பவர்கள். பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்ததைச் சொல்லும் பெருமை அந்தக் குரலில் இருக்கும். "இஞ்சயும் நல்ல குளிர்தான்" என்போம் நாங்கள். மறுபக்கத்தில் ஒரு சிரிப்புக் கேட்கும். அந்தச் சிரிப்பைப் பொறுத்துக்கொண்டு போனை வைக்கத் தெரிந்தவன் நிம்மதியாக வாழ்வான். எனக்கு அது தெரியாமல் போய்விட்டது.

இது தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நடந்தது. நானும் மனைவி வசந்தியும் சிட்னியில் பென்டில் ஹில்லில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அக்கா ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஸ்காபரோவில், உயரமான ஒரு தொடர்மாடியில் இருந்தாள். அம்மா அவளோடு. அம்மா எங்களோடு வந்து இருக்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. படிக்கவென்று சின்ன வயதிலேயே வீட்டைவிட்டுக் கிளம்பியவன் நான். அதற்குப் பிறகு அம்மாவோடு ஒரே கூரையின் கீழ் சேர்ந்தாற்போல் ஒரு மாதம்கூட இருந்ததில்லை. அதனால் அக்காவிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்: "அந்தக் குளிருக்குள்ள அம்மாவை ஏன் வச்சு வதைக்கிறாய்? இஞ்ச அனுப்பு. இஞ்ச குளிரே இல்லை."

அத்தானிடம் மட்டும் வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தான் என்றால் அக்காவின் கணவர். பஸ் திருத்தும் இடத்தில் மெக்கானிக். எதையும் அளந்து, குறித்து, ஒழுங்காகச் செய்கிற மனிதர். ஒருநாள் அவரிடமிருந்து தபாலில் ஒரு படம் வந்தது. உறைந்துபோன ஏரியின் நடுவில் மடக்குக் கதிரை போட்டு அத்தான் உட்கார்ந்திருக்கிறார். காலடியில், ஐஸில் துளைத்த வட்டமான ஓட்டை. கையில் முழங்கை நீள மீன். அடுத்த முறை போனில் பேசும்போது கேட்டார்: "உங்கட பக்கம் உதுகள் இல்லைத்தானே, தம்பி?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் அந்தத் 'தானே' எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"ஏன் இல்லை அத்தான்? இஞ்ச மலைப்பக்கம் போனால் ஏரியெல்லாம் உறைஞ்சு கிடக்கும். நாங்கள் ஒவ்வொரு வருசமும் கூடாரம் அடிச்சு, மீன் பிடிச்சுப்போட்டு வாறனாங்கள்."

(நாங்கள் ஒவ்வொரு வருடமும் போனது வென்ட்வேர்த்வில் கடைக்கு. பிடித்தது உறைந்த அறக்குளா மீன்.)

அக்காவுக்கு ஒரு வானிலை, அத்தானுக்கு ஒரு வானிலை என்று நான் பிரித்து வழங்கிக்கொண்டிருந்தது, அவர்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்பது தெரியாமல் அல்ல. புருஷனும் பெஞ்சாதியும் இதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கவா போகிறார்கள் என்ற நம்பிக்கைதான்.

ஒரு வைகாசியில் அக்கா அழைத்தாள். அம்மாவை அனுப்புகிறாளாம். அவளுக்கு லீவு இல்லாததால் அத்தான் கூட்டிக்கொண்டு வருகிறாராம். "சும்மா விட்டிட்டு வரமாட்டார். அவர் ஒரு மாதம் நிண்டு பாப்பார். அம்மாவுக்கு அங்க சரிவரும் எண்டு அவர் சொன்னால் அம்மா நிக்கட்டும். இல்லாட்டி திரும்பக் கூட்டிக்கொண்டு வருவார். நீ ஒரு பொறுப்பில்லாத ஆள், எனக்குப் பயமாக் கிடக்கு" என்றாள். பிறகு அத்தான் போனை வாங்கினார். "தம்பி, ஜூலையில வாறம். அங்க விண்டர்தானே. நான் என்ர துறப்பணத்தையும் கொண்டுவாறன்."

ஐஸில் ஓட்டை போடுகிற துறப்பணம் என்பது ஓர் ஆளின் நெஞ்சு உயரம் இருக்கும். சுருள் சுருளான இரும்பு, மேலே சுற்றுவதற்குக் கைபிடி. சிட்னி விமான நிலையத்தில் எல்லோரும் வெளியே வந்த பிறகும் அத்தானையும் அம்மாவையும் காணவில்லை. உள்ளே சுங்க அதிகாரி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது எதற்கு என்று கேட்டிருக்கிறார். அத்தான் உள்ளதைச் சொன்னார். அந்த அதிகாரி பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, "நீயும் ஒருக்கால் கேள்" என்று அத்தானை இன்னொரு முறை சொல்ல வைத்தாராம். "நல்ல ஆக்கள் தம்பி, ஏனோ தெரியேல்லை, சிரிச்சுக்கொண்டே இருந்தவங்கள்" என்றார் அத்தான். நான் வண்டி தள்ளுவதில் மும்முரமாக இருந்தேன்.

வந்த முதல் கிழமையே வழக்கு எனக்கு எதிராகத் திரும்பிவிட்டது. கனடாவில் வெளியேதான் குளிர். வீட்டுக்குள் பனியனோடு திரியலாம். எங்கள் பென்டில் ஹில் வீட்டில் ஜூலை மாதம் வெளியே நின்றால் வெயில் சுடும். உள்ளே போனால் பல் கிட்டும். யன்னலைச் சாத்தினாலும் எங்கிருந்தோ காற்று வரும். ஒரேயொரு சின்ன ஹீட்டர். அதை அம்மா இருக்கும் அறைக்கெல்லாம் நான் தூக்கிக்கொண்டு பின்னால் அலைந்தேன். அம்மா ஹோலுக்குள் கனடா ஜாக்கெற்றும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, தேத்தண்ணிக் கோப்பையைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"கனடாவில எண்டால், மாமி வீட்டுக்குள்ள தொப்பி போட்டதே இல்லை" என்றார் அத்தான். அவருடைய எல்லா வசனங்களும் 'கனடாவில எண்டால்' என்றுதான் தொடங்கும்.

அம்மா தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டார். ஒரு பின்னேரம், "திரும்பிற ரிக்கற் எப்பவாம்?" என்று வசந்தியிடம் மெதுவாகக் கேட்டதை நான் குசினியில் நின்று கேட்டுவிட்டேன். இனி மிச்சம் இருப்பது மீன்பிடிப் பயணம் ஒன்றுதான். அதையாவது ஒழுங்காக நடத்திக் காட்டினால், இவன் பொறுப்பான ஆள், அம்மாவை நம்பி விடலாம் என்று அத்தான் அக்காவுக்குச் சொல்வார் என்று கணக்குப் போட்டேன். (எழுபது வயதை நெருங்கும் அம்மாவைப் பனிமலையில் படுக்க வைத்துப் பொறுப்பை நிரூபிக்க நினைத்த உலகின் ஒரே மகன் நானாகத்தான் இருப்பேன்.)

குசினி மேசையில் வரைபடத்தை விரித்துத் திட்டம் போடத் தொடங்கினோம். அத்தான் கேள்வி கேட்பார்; நான் அளப்பேன்.

"ஐஸ் எவ்வளவு தடிப்பு வரும்?"

"ஒரு சாண் வரும் அத்தான்."

"ஆள் நடக்கலாமோ?"

"அதில வாகனமே ஓடுறவங்கள்."

அத்தான் போனதும் வசந்தி கேட்டாள்: "ஏனப்பா, அங்க ஏரி உறையும் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"வேலையில கிறெக் சொன்னவன். அங்க எல்லாம் உறையுமாம்."

"கிறெக் மீன் பிடிக்கிறவனோ?"

"பியர் குடிக்கிறவன்."

"நான் இடியப்பம் கொஞ்சம் கூடுதலா அவிக்கிறன்" என்று அவள் எழுந்துபோனாள். ஒன்றும் நடக்காவிட்டாலும் சாப்பாடாவது இருக்கட்டும் என்பது அவளுடைய அரசியல்.

கூடாரத்தையும் கிறெக்கிடம்தான் இரவல் வாங்கினேன். அவன் அதைக் கோடையில் கடற்கரைக்குக் கொண்டுபோகிறவன். கூரை முழுவதும் கொசுவலை. மேலே போடுகிற மூடுதுணி எங்கேயோ தொலைந்துவிட்டது, ஆனால் படுத்துக்கொண்டே நட்சத்திரம் பார்க்கலாம் என்றான். நல்லதுதானே என்று வாங்கிக்கொண்டேன். பழைய சாமான் கடையில் நாலு பேருக்கும் கம்பளி உள்ளாடை எடுத்தேன். அதில் ஒன்று யாரோ இராட்சதனுடையது, அது அத்தானுக்கு. இடியப்பம், கட்டைச் சம்பல், கோழிப்பொரியல், ஒரு பெரிய பாத்திரம் சொதி, காஸ் அடுப்பு எல்லாம் காருக்குள் ஏறின. கடைசி இரவில் வசந்தியும் அத்தானும் அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்றார்கள். புறப்படும் காலையில் அம்மா ஜாக்கெற், தொப்பி, சப்பாத்து எல்லாம் போட்டுக்கொண்டு காருக்குள் ஏறி இருந்தார்.

"நான் மட்டும் இந்த ஐஸ் பெட்டிக்குள்ள தனிய இருந்து என்ன செய்யிறது?" என்றார். அவர் சொன்னது எங்கள் வீட்டை.

சிட்னியிலிருந்து தெற்கே கன்பராவைத் தாண்டி, கூமாவைத் தாண்டி, ஒரு நாளின் பெரும்பகுதியைக் காரிலேயே கழித்தோம். துறப்பணம் காருக்குள் குறுக்கே அடங்காததால் என் தோளுக்கும் வசந்தியின் தோளுக்கும் நடுவால் முன் கண்ணாடிவரை நீட்டிக்கொண்டிருந்தது. கியர் மாற்றும்போதெல்லாம் அது என் காதைக் கொஞ்சியது. தூரத்தில் மலை உச்சிகள் வெள்ளையாகத் தெரிந்தபோது அத்தான் முதன்முறையாக, "ம், பரவாயில்லை" என்றார். எனக்கு அப்படியொரு சந்தோஷம். அந்தப் பனியை நானே இறக்கி வைத்தவன் போல ஸ்ரியரிங்கை ஒரு கையால் பிடித்தேன்.

வளைவு ஒன்றைத் தாண்டியதும் ஜிண்டபைன் ஏரி தெரிந்தது.

அழகான ஏரி. நல்ல நீலம். கரை முழுக்கச் சின்னச் சின்ன அலை வந்து மோதிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு ஆள் மோட்டார் படகில் போய்க்கொண்டிருந்தார். நாலைந்து வாத்துகள் நீந்தின.

அத்தான் காரை விட்டு இறங்கினார். துறப்பணத்தை எடுத்துக்கொண்டு கரைவரைக்கும் நடந்தார். அதை நிலத்தில் ஊன்றி, இரண்டு கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டு, வாத்துகளைப் பார்த்தபடி நின்றார். பிறகு திரும்பாமலே கேட்டார்:

"தம்பி. ஐஸ் எங்க?"

என் வாழ்க்கையில் உண்மை சொல்லக் கிடைத்த மிகச் சிறந்த சந்தர்ப்பம் அது. நான் அதைப் பயன்படுத்தவில்லை.

"இரவில உறையும் அத்தான். நாளைக்குக் காலமை பாருங்கோ, உறைஞ்சிடும்."

வசந்தி காருக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவள் அழுகிறாளோ என்று பயந்தேன். இல்லை, வாயில் துப்பட்டாவைச் செருகிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் வாக்குவாதப்படவில்லை. அவர் நியாயமான மனிதர். காலை வரைக்கும் தவணை கொடுத்தார். கூடாரம் அடித்தோம். காஸ் அடுப்பைப் பற்றவைத்தோம். அது குளிரில் ஒருமுறை நீலமாகக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. குளிர்ந்த இடியப்பத்தையும் குளிர்ந்த சொதியையும் சாப்பிட்டுவிட்டு, இருக்கிற உடுப்பெல்லாம் போட்டுக்கொண்டு படுத்தோம். கிறெக் சொன்னது உண்மைதான். நட்சத்திரங்கள் மிக நன்றாகத் தெரிந்தன. அவற்றுக்கும் எங்களுக்கும் நடுவில் எதுவுமே இல்லை.

காலையில் எழுந்து பார்த்தால், கிறெக் சொன்னபடி அங்கே எல்லாமே உறைந்திருந்தது. சொதி உறைந்திருந்தது. தண்ணீர்ப் போத்தல்கள் உறைந்திருந்தன. வெளியே கழற்றி வைத்த என் சப்பாத்து, கல்லு மாதிரி இருந்தது. போர்வையின் மேல் உறைபனி வெள்ளையாகப் பூத்திருந்தது. நான் தவழ்ந்து வெளியே போய் ஏரியைப் பார்த்தேன். அது நேற்றைப் போலவே நீலமாக அலையடித்துக்கொண்டிருந்தது. அதே வாத்துகள்.

அப்போதுதான் கூடாரத்துக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "தம்பீ, என்ர பல்லு!"

அம்மா மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் பல்செட் கட்டியிருந்தார். இரவில் அதைக் கழற்றி, ஒரு எவர்சில்வர் பேணியில் தண்ணீர் விட்டுப் போட்டுவைப்பார். பழக்க தோஷத்தில் இங்கேயும் அப்படியே தலைமாட்டில் வைத்திருக்கிறார். பேணித் தண்ணீர் அடிவரை உறைந்து கட்டியாகிவிட்டது. நடுவில், ஐஸுக்குள், அம்மாவின் பற்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன.

சுடுதண்ணீர் ஊற்றலாம் என்றால் அடுப்பு எரியவில்லை. கத்தியால் குத்தலாம் என்றேன். அத்தான் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். அந்தக் காலையில்தான் அவர் முகத்தில் முதன்முறையாக ஓர் ஒளி வந்தது. இத்தனை ஆயிரம் மைல் தாண்டி வந்தவருக்குக் கடைசியில் அவருக்குத் தெரிந்த ஒரு வேலை கிடைத்துவிட்டது. பேணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஆறு அங்குல ஐஸ் எண்டால் ஓட்டை போடலாம். இது சின்ன இடம். அவசரப்படக்கூடாது" என்றார்.

நாலு பேரும் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினோம். எஞ்சினைப் போட்டு, ஹீட்டரைத் திருப்பி, சூடு வருகிற துவாரத்துக்கு முன்னால் அத்தான் பேணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மற்றக் கையில், ஐஸ் துண்டுகளை அள்ளுவதற்கென்று கனடாவிலிருந்து கொண்டுவந்திருந்த கண்கரண்டி. நாலு பேரும் ஒரு பேணியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

யன்னலில் யாரோ தட்டினார்கள். தூண்டிலும் வாளியுமாக வந்த ஒரு வெள்ளைக்கார வயதாளி. கண்ணாடியை இறக்கினேன். அவர் துறப்பணத்தைப் பார்த்தார், கண்கரண்டியைப் பார்த்தார், பிறகு மிகவும் மரியாதையாக, ஏதாவது அகப்பட்டதா என்று கேட்டார்.

அத்தான் பேணியை உயர்த்திக் காட்டினார்.

அந்த மனிதர் குனிந்து உள்ளே பார்த்தார். கொஞ்சம் பின்வாங்கினார். திரும்பவும் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். சற்றுத் தூரம் போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

முதலில் சிரித்தது அம்மாதான். பல் கட்டிய காலத்திலிருந்து அம்மா சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்வார். அன்றைக்குப் பொத்த மறந்துவிட்டார். பொக்கை வாயைத் திறந்து, கண்ணில் தண்ணீர் வர, பின்சீற்றில் சரிந்து சரிந்து சிரித்தார். அதைப் பார்த்து வசந்தி சிரிக்க, அத்தான் சிரிக்க, அவர் கையில் பேணி குலுங்க, பற்கள் உள்ளே கடகடவென்று ஆடின. "கழண்டிட்டுது!" என்று கத்தினார் அத்தான். கண்கரண்டியை விட்டு ஒரே தூக்கில் தூக்கினார். என்னால் மட்டும் சிரிக்க முடியவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது, அம்மா போகப்போகிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் கூமாவில் பெற்றோல் அடிக்க நிறுத்தினோம். நான் இறங்கி அடித்துவிட்டு வந்தேன். அத்தான் பொதுத் தொலைபேசியைக் கண்டதும், "அக்காவோட ஒருக்கால் கதைச்சுப்போட்டு வாறன்" என்று இறங்கினார். நான் அவருக்குப் பின்னால், சில்லறை கொடுக்கிற சாக்கில் போய் நின்றேன்.

"ஓம், போனனாங்கள்... இல்லை, ஐஸ் இல்லை. தண்ணி... ஓம், வாத்து நீந்துது." பிறகு அக்கா நெடுநேரம் பேசினாள். அத்தான் கேட்டுக்கொண்டே நின்றார். "ஓமப்பா, தம்பி ஒரு விசரன்தான். அதில மாத்தமில்லை" என்றார். என் காது எரிந்தது. "ஆனா மாமி வரமாட்டாவாம். இப்ப, தம்பி பெற்றோல் அடிக்கேக்க, காருக்குள்ள சொன்னவ. நிக்கப்போறாவாம்."

நான் காருக்கு ஓடினேன். அம்மா பற்களோடு நேராக உட்கார்ந்து, வசந்தி கொடுத்த மிக்சரைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, மெய்யே? நிக்கிறியளோ?"

"பின்ன?" என்றார் அம்மா. "அக்காவும் அவரும் கெட்டிக்காரர். அவைக்கு நான் தேவையில்லை. உன்னை இந்தக் கோலத்தில ஆரை நம்பி விட்டிட்டுப் போறது? பாவம், இந்த வசந்திப் பிள்ளை தனிய என்ன செய்யும்?"

வசந்தி மிக்சர்ப் பையை என்னிடம் நீட்டினாள். நான் கூமா பெற்றோல் நிலையத்தில், லொறிக்காரர்கள் பார்க்க, நின்று அழுதேன். என் கெட்டித்தனத்தைக் காட்டி அம்மாவை மறிக்கலாம் என்று நான் போட்ட எல்லாத் திட்டமும் தோற்று, என் மடத்தனம் மட்டும் வென்றுவிட்டது.

துறப்பணத்தை அத்தான் திரும்பக் கொண்டுபோகவில்லை. அந்தச் சுங்கக்காரரை இன்னொருமுறை சந்திக்க அவருக்கு விருப்பம் இருக்கவில்லை. பிறகு நாங்கள் சொந்த வீடு வாங்கியபோது அம்மா அதை வைத்துத்தான் பின்வளவில் குழி தோண்டுவித்து முருங்கையும் கறிவேப்பிலையும் நட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் அது என்ன என்று கேட்டால், "மோன் ஐஸில மீன் பிடிக்கிறவர்" என்பார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

என் பிள்ளைகளும் இந்தக் கதையோடுதான் வளர்ந்தார்கள். இந்த வருடம் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிறேன், இனி ஒவ்வொரு நாளும் நடக்கப்போகிறேன் என்று நான் எதைச் சொன்னாலும், "ஓம் அப்பா, நாளைக்குக் காலமை உறைஞ்சிடும்" என்பார்கள். தமிழில் அவர்கள் தடுமாறாமல் சொல்லும் ஒரே வசனம் அதுதான். ஒவ்வொரு ஜூலையும் அத்தான் ஸ்காபரோவிலிருந்து போன் எடுத்து, சுகம் கேட்பதற்கு முன் கேட்பார்: "தம்பி, ஏரி உறைஞ்சிட்டுதோ?"

அம்மா கடைசிவரை எங்களோடுதான் இருந்தார். அவர் போன பிறகு வந்த முதல் ஜூலையிலும் அத்தான் எடுத்தார். சுகம் கேட்டார். பிள்ளைகளைக் கேட்டார். ஏரியைக் கேட்கவில்லை. பேச்சு முடியப்போகிற நேரத்தில் நானே சொன்னேன்: "அத்தான், நாளைக்குக் காலமை உறைஞ்சிடும்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்புக் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "அங்க குளிரோ, தம்பி?" என்றார்.

"வீட்டுக்குள்ளதான், அத்தான்" என்றேன்.